புறவாசலில் எருக்கு

மாலை நாலு இருபதுக்கு, எருக்கு பதினொன்று என்று எண்ணி முடித்துவிட்டு, பிரமநாயகி புறவாசல் படியில் உட்கார்ந்தாள். காலையில் எண்ணியபோதும் பதினொன்றுதான். ஒரு பகலில் கூடிவிடப் போவதில்லை என்று தெரிந்தேதான் எண்ணினாள். தையல் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஊசி கொடுத்து, மணி அடித்ததும் ஒன்று குறையாமல் திரும்ப வாங்கி எண்ணியே வேலையை முடித்தவள். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் கண் எதைப் பார்த்தாலும் எண்ணத்தான் செய்தது. துவைக்கிற கல்லை ஒட்டி ஆள் உயரத்துக்கு நிற்பது தாய்ச்செடி. மற்றதெல்லாம் அதன் காய் வெடித்து, பஞ்சு பறந்து, விழுந்த இடத்தில் தானாக முளைத்தவை. காம்பவுண்டுச் சுவரோரம் நாலு, குழாயடியில் மூன்று, செப்டிக் டேங்க் மூடியின் விளிம்பில் இரண்டு, சிமெண்டுத் தரை கீறியிருந்த இடத்தில் ஒற்றையாக ஒன்று. ஒன்றுக்கும் அவள் தண்ணீர் விட்டதில்லை. தாய்ச்செடியில் இப்போது காய்கள் இரண்டிரண்டாக, முதுகு வளைந்து, பச்சைக்கிளி மூக்கோடு மூக்கு வைத்தது மாதிரித் தொங்கின. பங்குனி வெயிலுக்கு இன்னும் ஒரு வாரம் தாங்காது. வெடித்தால் இந்தப் பஞ்சு பெருமாள்புரம் முழுக்கப் பறக்கும். அதற்குள் வெட்ட வேண்டும், அல்லது வெட்ட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் ஆவுடையப்பன் அரிவாளைப் பழைய துண்டில் சுற்றி, சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு, சாணை பிடிக்க மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். எழுபத்தைந்து வயதுக்கு சைக்கிள் வேண்டாம் என்று டாக்டர் சொன்னது அவருக்கு ஏறவில்லை. கிளம்பும்போது, "நான் வாரதுக்குள்ள யோசிச்சு வையி. நீ சரின்னு சொன்னாத்தான் கை வைப்பேன்" என்றார். விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுவார். புதன்கிழமை காலை பிரமநாயகிக்கு அறுவைச் சிகிச்சை. இன்றைக்கு ஞாயிறு. செவ்வாயில் வெட்டக்கூடாது, நாளைக்கு அமாவாசை, ஆகையால் இன்றைக்கே வெட்டிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. இந்த மனிதர் நாள் பார்த்து ஒரு காரியம் செய்து அவள் பார்த்ததில்லை. மின்வாரியத்தில் இருந்தவர். ராகு காலத்திலும் கம்பம் ஏறியவர்.

முதல் செடி முளைத்ததை அவள்தான் முதலில் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கல்லுக்கு அடியில், நாலு இலை. இலையில் திருநீறு பூசினாற்போல ஒரு வெளுப்பு. பார்த்ததும் இன்னது என்று தெரிந்துவிட்டது. எருக்கைத் தெரியாதவர்கள் யார்? பிடுங்கிப் போடுவதற்கு இரண்டு விரல் போதும், அப்போது வேர் பிடித்திருக்காது. கை ஈரமாக இருந்தது, சோப்பு நுரை இருந்தது, சேலையை அலசி முடித்துவிட்டுப் பிடுங்கலாம் என்று நினைத்தாள். அலசி முடித்ததும் கொடியில் போட வேண்டியிருந்தது. போட்டதும் பால்காரன் வந்தான். மறுநாள் ஆறு இலை. ஏன் பிடுங்கவில்லை என்று இன்றைக்கு வரைக்கும் அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று ஒரு தயக்கம். முழங்கால் உயரம் வந்தபோது பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "டீச்சர், நாங்க இதெல்லாம் பாக்க மாட்டோம். எங்க வேதத்துல அப்படி ஒண்ணும் இல்ல. இருந்தாலும் எருக்கு வீட்டுல வேண்டாம் டீச்சர்" என்றாள். "ஏன் டீச்சர்?" "ஆளில்லாத வீட்டுலதான அது முளைக்கும்?" "ரெண்டு ஆளு இருக்கோமே." "அதான் சொல்லுதேன். ஆள் இருக்கும்போது எதுக்கு?" இதைச் சொன்ன எஸ்தர் டீச்சர்தான், குதிகால் வலிக்குச் செங்கல்லைச் சுட வைத்து எருக்கிலையைப் போட்டு மிதித்தால் கேட்கும் என்று யாரோ சொன்னதிலிருந்து, வாரம் இரண்டு தடவை சுவருக்கு மேலே கையை நீட்டி இலை கேட்கிறாள். வெள்ளெருக்காக இருந்தாலாவது பிள்ளையாருக்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளலாம், வேரைத் தேடி ஆள் வரும், மஞ்சள் துணி கட்டிக் கும்பிடுவார்கள். இது நீலப் பூ. தரிசுக் காட்டில், ரயில் தண்டவாளத்து ஓரத்தில், சுடுகாட்டுப் பாதையில் நிற்கும் நீலப் பூ. யாருக்கும் வேண்டாம். ஆடு கூடக் கடிக்காது. ஒரு பிராணிக்கும் வேண்டாத ஒன்று இவ்வளவு செழிப்பாக இருப்பதைப் பார்க்க அவளுக்குச் சில நாள் கோபம் வரும், சில நாள் சிரிப்பு வரும். வயிறு நிறைய வரி போட்ட புழு ஒன்று மட்டும் இலையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வரும், ஓவர்லாக் தையல் பிரிகிற மாதிரி, சீராக.

அவளுக்கு முன்னால் ஆவுடையப்பனுக்கு மூன்று பேர். வெளியே சொல்லும்போது இரண்டு. செல்லம்மாள் இருபத்திரண்டு வயதில் பிரசவத்தில் போனாள், பிள்ளையும் போயிற்று. சங்கரவடிவு மூன்று வருஷம் இருந்தாள், மஞ்சள் காமாலை. இரண்டு பேர் படமும் கூடத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை துடைத்துப் பொட்டு வைப்பது பிரமநாயகிதான். அதற்குப் பிறகு அவர் வேண்டாம் என்றே பன்னிரண்டு வருஷம் இருந்தார். நாற்பத்தெட்டு வயதில், யார் யாரோ பேசி, முப்பத்திநாலு வயதாகியும் வரன் அமையாமல் இருந்த தையல் டீச்சரைப் பேசி முடித்தார்கள். மூன்றாம் தாரம் தங்காது என்று ஒரு சொல் இருக்கிறது. ஆகவே மூன்றாவதாக ஒரு எருக்கஞ்செடிக்குத் தாலி கட்டி, அதை வெட்டிச் சாய்த்துவிட்டு, வரப்போகிறவளை நாலாவதாக்கிவிட வேண்டும். தோஷம் செடியோடு போய்விடும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்; பிரமநாயகியின் அப்பாவே, "அதை மட்டும் குறைவில்லாம செஞ்சிருங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆற்றங்கரையில் நடந்தது. பெண்வீட்டார் போகக்கூடாது. அவள் அன்றைக்கு மருதாணி வைத்த கையோடு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அங்கே நடந்த கூத்தை அவளிடம் சொன்னது ஆவுடையப்பனின் தங்கை மங்கையர்க்கரசி. தலைதீபாவளிக்கு இரண்டு பேரும் முந்திரிக்கொத்து உருட்டிக்கொண்டிருந்தபோது சொன்னாள். அண்ணன் பெண்டாட்டி என்பதால் மங்கை இவளை மைனி என்பாள், வயதில் மூத்தவள் என்பதால் இவளும் மங்கையை மைனி என்பாள், கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம். "கேட்டீங்களா மைனி, ஐயரு செடிக்கு முன்னால உக்காந்து, பொண்ணு பேரு என்னன்னு கேக்காரு. அண்ணன் முழிக்கான். செடிக்கு என்ன பேரு? அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. இவன் பாட்டுக்கு 'பிரமநாயகி'ன்னுட்டான்! ஐயரும் அதையே மந்திரத்துல சேத்துச் சொல்லிட்டாரு. பெரியத்தான்தான் பின்னால இருந்து, 'மாப்ள, அது நாளைக்குக் கட்டப்போற பொண்ணு பேருல்லா'ங்காவோ." "பெறகு?" "பெறகு என்ன, கயிறு கட்டியாச்சு. ஐயரு, 'செடிக்கு எந்தப் பேரு வெச்சா என்ன, நேரம் போகுது, வெட்டுங்கோ'ன்னுட்டாரு. வெட்டி ஆத்துல விட்டாச்சு." மங்கைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிரமநாயகியும் சிரித்தாள். கையில் இருந்த உருண்டை உடைந்து மாவாக விழுந்தது, அதை மறுபடி பிடித்தாள்.

அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படித்தவள், வேலை பார்க்கிறவள், செடிக்குப் பெயர் வைத்தால் என்ன, வைக்காவிட்டால் என்ன. ஆனால் எங்கோ ஒரு இடத்தில் நூல் சிக்கிக்கொண்டது. நல்ல துணியில் ஒரு இழை மட்டும் இழுபட்டு நிற்பதுபோல. பார்த்தால் தெரியாது, தடவினால் விரலில் தட்டும். அன்றைக்கு ஆற்றங்கரையில் பிரமநாயகி என்பவளுக்குத் தாலி கட்டி, பிரமநாயகி என்பவளை வெட்டியிருக்கிறார்கள். மறுநாள் மணவறையில் உட்கார்ந்தவளும் பிரமநாயகி. அப்படியானால் செத்தது யார், இருக்கிறது யார்? இந்தக் கேள்வியைப் பஸ்ஸில் போகும்போது நினைத்திருக்கிறாள், பிள்ளைகளுக்குக் காஜா போடச் சொல்லிக் கொடுக்கும்போது நினைத்திருக்கிறாள். குழந்தை தங்காமல் போன இரண்டு தடவையும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நினைத்தாள். தோஷம் தன்மேல் வராமல் செடியோடு போனதா, அல்லது பெயர் ஒன்றாக இருந்ததால் தேடி வந்ததா என்று. உடனே, சே, என்ன நினைப்பு இது என்று தள்ளிவிட்டாள். செல்லம்மாளுக்கும் சங்கரவடிவுக்கும் படம் இருக்கிறது, திதி இருக்கிறது. நடுவில் போனவளுக்கு ஒன்றும் இல்லை. மாலை போடாத ஒருத்தி. அவளைப் பற்றி ஆவுடையப்பனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது, ஒரே வெட்டில் விழுந்தாளா என்று. கேட்டதில்லை. ரசம் ஊற்றும்போது கேட்கிற கேள்வியா அது? அவரும் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நல்ல மனிதர். கத்தமாட்டார். சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். அவள் தும்மினால் மட்டும் கூடத்திலிருந்து எழுந்து வந்து நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டுப் போவார். முதல் வருஷம் அது அவளுக்குப் பிரியமாகத் தெரிந்தது. பிறகுதான் தெரிந்தது, அவர் பார்ப்பது அவளை அல்ல, அவள் பின்னால் யாரும் வந்து நிற்கிறார்களா என்று.

மாசியில் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. இடது பக்கம், அக்குளை ஒட்டி. துணிக்கு உள்பக்கமாக வைத்துத் தைத்த பித்தான் மாதிரி, சின்னதாக, கடினமாக, நகராமல். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். வாளி காலியான பிறகும் செம்பை முக்கினாள். ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் தொட்டுப் பார்த்தாள், இருந்தது. தொடாமல் இருந்தால் போய்விடும் என்று ஒரு நாள் தொடாமல் இருந்தாள். மறுநாள் இருந்தது. டாக்டர் சின்னப் பெண், அவளிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். "ஊசி போட்டு எடுத்துப் பாத்ததுல சந்தேகமாத்தான் வந்திருக்கும்மா. திறந்து பாத்தாத்தான் எவ்வளவு எடுக்கணும்னு சொல்ல முடியும்" என்றாள். திறந்து என்ற சொல் பிரமநாயகிக்குப் பிடித்துக்கொண்டது. தையலைப் பிரித்துப் பார்ப்பதுபோலத்தான். பிரித்தால் திரும்ப அதே மடிப்பில் தைக்க முடியாது, எங்கேயாவது சுருக்கம் விழும், அது அவளுக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில் ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே புறவாசலுக்குப் போனார். அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். எருக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார், ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல, கையைக் கட்டிக்கொண்டு. இரண்டு வருஷமாக அந்தச் செடியைக் கடந்துதான் தினமும் குளிக்கப் போகிறார், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. அல்லது பார்க்காததுபோல நடந்தாரா? அவரும் முதல் நாளே பார்த்திருப்பாரா? அவரும் பிடுங்க நினைத்து, கை ஈரமாக இருக்கிறது என்று விட்டிருப்பாரா?

இன்றைக்குக் காலையில் காப்பி குடித்துக்கொண்டே கேட்டார். "அந்த எருக்கை வெட்டிரலாமா பிரமு?" குப்பையாகக் கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகும்முன் சுத்தம் செய்யச் சொல்கிறார் என்று நினைத்து, "வெட்டுங்களேன், துணியில எல்லாம் பஞ்சு ஒட்டுது" என்றாள். "சும்மா வெட்டக்கூடாது." "பெறகு?" "ஒரு மஞ்சக் கயிறு கட்டிட்டு." அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். "எர்த் மாதிரின்னு வெச்சுக்கோ. லைன்ல வரக்கூடாதது வந்துட்டா, அது எர்த் வழியா பூமிக்குப் போயிரும், ஆளை விட்டுரும். அவ்வளவுதான். இதுல சாமி பூதம் ஒண்ணுமில்ல." "ஒண்ணுமில்லேன்னா எதுக்கு?" "ஒரு தடவை கேட்டுச்சுல்லா?" "என்ன கேட்டுச்சு?" "இருபத்தேழு வருசம் இருக்கியே." இருபத்தேழு வருஷம் அவள் இருந்ததற்குக் காரணம் என்று இவர் ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறார். அவள் தின்ற சோறு, நடந்த நடை, அவள் உடம்பு, எதுவும் கணக்கில் இல்லை. எர்த். அவர் வாரியத்தில் இருந்தபோது எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு, வெயில் காலத்தில் தண்ணீர் விடச் சொல்வார், ஈரம் இருந்தால்தான் இழுக்கும் என்பார். அந்தக் குழிகளைப் பற்றி அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. மண்ணுக்குள் எங்கேயோ கிடக்கிற ஒரு கம்பி, எப்போது என்ன வரும் என்று தெரியாமல், மற்றவர்களுக்காக.

கைப்பேசி மடியில் அடித்தது. தூத்துக்குடியிலிருந்து மங்கை. "மைனி, அண்ணன் காலையில போன் பண்ணினான். விவரம் சொன்னான்." "என்ன விவரம்?" "அதான், செடி. சரின்னு சொல்லுங்க மைனி. அவன் ஆசப்படுதான்." "ஆசையா?" "சரி, பயப்படுதான். ஒரு செடிதான மைனி. வெட்டினா என்ன கொறஞ்சு போச்சு? மொளைக்கிற சவம் மறுபடியும் மொளைச்சுட்டுப் போகுது." "அப்போ ஒங்க பேரைச் சொல்லி வெட்டச் சொல்லட்டுமா?" மங்கை, "ஏம் மைனி இப்படிப் பேசுதீங்க" என்றாள், எழுபது வயதுக் குரல் சட்டென்று இன்னும் வயதாகிவிட்டதுபோல. "தமாசுக்குச் சொன்னேன்." "அன்னைக்கு நான் சொன்னதை நீங்க இன்னும் வெச்சுக்கிட்டா இருக்கீங்க?" "இல்ல மைனி. தமாசுக்குத்தான்." பிறகு ஆஸ்பத்திரிக்கு யார் கூட இருப்பது, மோர் கொடுக்கலாமா, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகலாமா என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். வைக்கும்போது மங்கை, "அவனுக்காகவாவது" என்றாள். அது நியாயம்தான். அவருக்காகவாவது. சரி என்று ஒரு சொல். அவர் கயிறு கட்டுவார், வெட்டுவார், வியர்க்க வியர்க்கச் சுவரோரமாக அள்ளிப் போடுவார், குளித்துவிட்டு வந்து நன்றாகச் சாப்பிடுவார், புதன்கிழமை ஆபரேஷன் தியேட்டரின் பச்சைக் கதவுக்கு வெளியே பெஞ்சில் கொஞ்சம் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். இருபத்தேழு வருஷம் ஒரு மனுஷி ஒரு மனுஷனுக்கு எவ்வளவோ செய்திருக்கிறாள், இது ஒரு காரியமா? சரி என்று சொல்லிவிடலாம். சொல்லிவிடலாம் என்று முடிவு செய்ததும் மார்பில் அந்தப் பித்தான் இருக்கும் இடத்தில் லேசாகக் குளிர்ந்தது. தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

எழுந்து தாய்ச்செடிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வெயில் சுவருக்கு மேலே ஏறிவிட்டது. பூவில் கட்டெறும்பு ஊர்ந்தது. சின்ன வயதில் இதன் மொட்டை நசுக்கி டப் என்று வெடிக்க வைத்திருக்கிறாள். இப்போது விரல் அந்த மொட்டுக்குப் போயிற்று, நசுக்கவில்லை, இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. ஒரு இலையைக் கிள்ளினாள். பால் உடனே வந்தது, கேட்பதற்கு முன்னாலே வருவதுபோல, வெள்ளைவெளேரென்று, சொட்டுச் சொட்டாக. விரலில் ஒட்டியதைக் கல்லில் தேய்த்தாள். வெட்டினால் என்ன ஆகும்? வெட்டி, புதன்கிழமை அவள் பிழைத்துவிட்டால், இனி இருக்கப்போகிற ஒவ்வொரு நாளும் செடி கொடுத்ததாகத்தான் அவர் பார்ப்பார், அவளும் பார்க்கத் தொடங்கிவிடுவாள், தலைவலி வந்தால் எங்கேயாவது எருக்கு முளைத்திருக்கிறதா என்று தேடுவார்கள். வெட்டியும் பிழைக்காவிட்டால் இரண்டு தடவை வெட்டுப்பட்டவள். வெட்டாமல் பிழைக்காவிட்டால்? அங்கே வந்து நினைப்பு நின்றது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கூடத்தில் மூன்றாவது படம். வெள்ளிக்கிழமை யார் துடைப்பார்கள்? சாக வேண்டாம் என்று இருந்தது. வேறொன்றும் பெரிதாக இல்லை. நாளைக்கும் இந்தப் படியில் உட்கார வேண்டும். ஆவணியில் அவருக்கு இரண்டு சட்டை தைக்க வேண்டும், தோள் இறங்கிவிட்டது, பழைய அளவு சரிப்படாது. இவ்வளவு ஆசை தனக்கு இருப்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆசை இருக்கிறவள் சரி என்றுதான் சொல்ல வேண்டும். யார் செத்தால் என்ன, நான் இருந்தால் போதும் என்று. அன்றைக்கு அவளைக் கேட்காமல் செய்தார்கள், மருதாணிக் கையோடு இருந்தவளுக்கு அதில் பங்கில்லை. இன்றைக்கு அவளைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். கேட்காமல் வெட்டியிருக்கலாம் அந்த மனிதர். வெட்டியிருந்தால், ஐயோ வெட்டிவிட்டீர்களா என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போயிருப்பாள். கேட்டுவிட்டாரே. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவார்கள் என்று அந்தச் சின்ன டாக்டர் சொன்னாள். பெயர், வயது, எந்தப் பக்கம். ஆள் மாறிவிடக்கூடாது என்பதற்காக. ஆள் மாறிவிடக்கூடாது. அவள் அதை வாய்விட்டுச் சொன்னாள். சிமெண்டுக் கீறலில் நின்ற ஒற்றைச் செடி காற்றுக்கு ஆடியது. அவள் சொன்னதற்காக அல்ல, காற்று அப்போதுதான் வந்தது.

சைக்கிள் சுவரில் சாய்ந்த சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் வீட்டைச் சுற்றிக்கொண்டு நடைவழியாக வந்தார். துண்டை விரித்து அரிவாளை எடுத்தார். விளிம்பு மட்டும் வெள்ளையாகப் பளபளத்தது. சட்டைப் பையிலிருந்து கடைக் காகிதத்தில் மடித்த மஞ்சள் கயிற்றின் ஒரு முனை வெளியே தெரிந்தது. அவள் அதைப் பார்த்தது தெரிந்து உள்ளே தள்ளினார். "என்ன முடிவு பண்ணினே?" "ஒண்ணு கேக்கட்டுமா?" "கேளு." "அன்னைக்கு ஒரே வெட்டுல விழுந்துச்சா?" அவர் அரிவாளைக் கீழே இறக்கினார். என்றைக்கு என்று கேட்கவில்லை. "இல்ல. மூணு வெட்டு. முத வெட்டுலயே பாலு கண்ணுல தெறிச்சிட்டு. பாக்கி ரெண்டும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் போட்டேன்." கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அவர் கண் வீங்கிச் சிவந்திருக்கும். சங்கரவடிவை நினைத்து இரவெல்லாம் அழுதிருக்கிறார் என்று பிரமநாயகி இத்தனை வருஷம் நினைத்திருந்தாள், அதற்காக அவரை மதித்தும் இருந்தாள், கொஞ்சம் பொறாமையும் பட்டிருந்தாள். "பேரை மாத்திச் சொன்னது எனக்கும் தெரியும் பிரமு" என்றார் அவர். "சொன்ன பெறகுதான் தெரிஞ்சுது. ஐயரு போகட்டும்னாரு. ஒரு நாளும் எனக்குப் போகல. இந்தத் தடவை பேரு சொல்ல மாட்டேன். சும்மா, எருக்குன்னே சொல்லுதேன்." அவர் இதைக் காலையிலிருந்து யோசித்து வைத்திருக்கிறார், இதைத்தான் தன்னுடைய பெரிய யோசனையாகக் கொண்டுவந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் விழுங்கினாள். "வேண்டாங்க" என்றாள். "வெட்ட வேண்டாம்." "செடிதான பிரமு." "செடிக்கு எதுக்குத் தாலி கட்டினீங்க?" அவர் துண்டால் அரிவாளை மூடினார். "எனக்காக ஒருத்தியை அனுப்பியாச்சு. இன்னொருத்தி வேண்டாம். நானே போயிட்டு வாரேன்." "காயி வெடிச்சிரும். ஊரெல்லாம் மொளைக்கும்." "மொளைக்கட்டும்." "எஸ்தரம்மா சண்டைக்கு வருவா." "இலைக்கு எங்க போவாளாம்?" அவர் படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அரிவாளைத் துண்டில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். "எனக்குப் பயமா இருக்கு" என்றார். "எனக்குந்தான்" என்றாள். இருபத்தேழு வருஷத்தில் அதை அவர்கள் சொல்லிக்கொண்டதில்லை. "புதன்கிழமை நீ உள்ள போன பெறகு நான் என்ன செய்ய? வெளிய சும்மா உக்காந்துக்கிட்டு?" "சும்மாதான் உக்காரணும்." அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்து, அவிழ்ந்து கிடந்த தன் கூந்தலின் நுனியைச் சேர்த்துக் கட்டினாள். "ஆஸ்பத்திரியில சீட்டு போடற இடத்துல பொம்பளை பேரு என்னன்னு கேப்பாங்க. பிரமநாயகின்னு சொல்லுங்க. இந்தத் தடவை சரியா இருக்கும்." அவர் தலையை ஆட்டினார். கூடத்தில் விளக்கு வைக்க அவள் எழுந்து போனாள்.

அந்தப் புதன்கிழமை கழிந்து எட்டாம் மாதம், 2017 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ஆவுடையப்பன் தூக்கத்தில் இறந்தார். வயது எழுபத்தாறு. பிரமநாயகி பக்கத்தில் இருந்தாள்.